மேஸ்திரி போட்ட நாலு கையெழுத்து

ஹபீபுர் ரஹ்மான் சாயபு திவாலாகி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்ற செய்தி ராயப்பேட்டையில் பரவியதும், அவருடைய தையல் கடையில் வேலை பார்த்த பன்னிரண்டு பேரும் மேஸ்திரி கலீமுல்லாவின் வாசலில்தான் வந்து நின்றார்கள். நாலு மாதச் சம்பளம் பாக்கி. மேஸ்திரியின் வாக்கை நம்பித்தான் அத்தனை நாளும் மிஷினை மிதித்திருந்தார்கள். "நான் வாங்கித் தரேன்" என்றார் கலீமுல்லா. வாக்குக் கொடுப்பதில் மட்டும் அவருக்கு என்றைக்குமே கஞ்சத்தனம் கிடையாது.

மயிலாப்பூர் வக்கீல் ஸ்ரீரங்கன் பீஸ் வாங்காமலே மனு எழுதினார். "கடன் கொடுத்த சேட்டெல்லாம் அப்புறந்தான். கூலிக்காராளோட நாலு மாசச் சம்பளத்துக்குச் சட்டத்துல முதல் இடம். ஆத்துக்குப் போய் நிம்மதியாத் தூங்கும்."

கலீமுல்லா தூங்கவா போனார்? பன்னிரண்டு வீட்டுக்கும் ஏறி இறங்கி அதைச் சொல்லிவிட்டு வந்தார்.

ஹைக்கோர்ட்டில் கடைக் கணக்கைப் பிரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் கடையில் ஆளாளுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. மொத்தப் பணத்தையும் மேஸ்திரி வாங்கி, எல்லாருக்குமாக ஒரு கையெழுத்துப் போட்டு, பங்கிட்டுக் கொடுப்பார். இந்த நாலு மாதமும் பணம் வரவில்லை. ஆனால் வாங்கிக்கொண்டதாக மேஸ்திரியின் கையெழுத்து விழுந்திருந்தது. "கணக்கு சுத்தமா இருந்தாத்தான் பாங்குல கடன் தருவான், கலீம் பாய். வந்ததும் மொதல்ல உன் கையிலதான்" என்று சாயபு தோளில் கைபோட்டுச் சொன்னார். தோளில் கை விழுந்தால் போதுமே இந்த மனிதருக்கு! இருபது வருஷம் சோறு போட்டவர் என்று நாலு தடவையும் முத்து முத்தாகப் போட்டுக் கொடுத்தார். வக்கீலிடம் இதைச் சொல்லவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"இனிமே சாயபு வாயால நிஜம் வந்தாத்தான் உண்டு" என்றார் ஸ்ரீரங்கன்.

சாயபு கூண்டில் ஏறினார். பொய்க்கணக்கு என்று ஒப்புக்கொண்டால் ஜெயில். கலீமுல்லா பக்கம் திரும்பாமலே, "கணக்கு சரிதான். மேஸ்திரி வாங்கிக்கினு போய்ட்டார்" என்றார். மனு தள்ளுபடியாயிற்று.

கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் கலீமுல்லா வீடு திரும்பினார். வாசலில் வடிவேலு காத்திருந்தான். பதினைந்து வருஷமாக அவருக்குப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைத்தவன்.

"நீ துட்ட அமுக்கிட்டேன்னு எல்லாம் பேசிக்கினு கீறானுங்க, மேஸ்திரி. நான் சண்ட போட்டுட்டு வந்துகீறேன். அந்தக் கையெழுத்து உன்துதானா?"

"என்துதான்பா. ஆனா அல்லா மேல ஆணையா, ஒரு தம்பிடி என் கைக்கு வரல."

வடிவேலு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"வூட்ல அடுப்பு பத்தவச்சு ரெண்டு நாளாச்சு மேஸ்திரி. என் பங்க மட்டும் குடுத்துடு. நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்."