கீலுக்கு வைத்த பொட்டு

தொடாதே என்று எத்தனை தடவை சொன்னாலும் சிலர் காதில் ஏறவே ஏறாது. என் பட்டறையில் பாதிப் பங்குக்காரரான சேவுகப்பெருமாள் அண்ணன் அந்த ரகம். மனுஷனுக்குக் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் வாய்விட்டுத் திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

காரைக்குடியிலிருந்து கல்லல் போகும் சாலையில் எங்கள் லேத் பட்டறை. சென்னைக் கம்பெனி ஒன்று கட்டிய செயற்கைக்கோளுக்கு, சூரியத் தகட்டை விரிக்கும் கீலை டைட்டானியத்தில் செய்து கொடுத்தோம். கூடவே அச்சு அசலாக இன்னொரு கீலும் செய்து, உபரியாக இருக்கட்டும் என்று காற்றுப் புகாத பையில் சீல் வைத்து ஏசி அறை பீரோவில் பூட்டினோம். ராக்கெட் பாதி வழியில் பழுதாகி எல்லாம் கடலில் விழுந்தது. அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை.

விழுந்ததற்குப் பதிலாக இன்னொரு செயற்கைக்கோள் கட்டுவது என்று கம்பெனி முடிவெடுத்தது. புதிதாகச் செய்ய அவகாசம் இல்லை, கையிலிருக்கும் உபரிகளை வைத்தே கட்ட வேண்டும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சென்னையில் கூட்டம். "எங்க கீல் ரெடியா இருக்கு" என்று எல்லார் முன்னாலும் மார்தட்டினேன். திரும்ப ரயிலில் இடம் கிடைக்காமல் பூஜைக்கு ஊர் வந்து சேர முடியவில்லை. பரவாயில்லை என்று இருந்தேன். இந்தத் தடவையாவது எங்கள் கையால் செய்தது மேலே போய்ச் சுற்ற வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கீலை வாங்கிப்போகக் கம்பெனியின் தரப் பரிசோதகர் ஃபர்சானா வந்தாள். பீரோவைத் திறந்தோம். பையின் வாயில் சீலைக் காணோம், செல்லோடேப் ஒட்டியிருந்தது. உள்ளே கீலின் நடு மூட்டில் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"இதை யார் பிரிச்சது?" என்றாள் ஃபர்சானா.

"நாந்தாம்மா," என்றார் அண்ணன், கொஞ்சமும் கூசாமல். "பூசைக்கு எல்லா மிஷினுக்கும் வச்சோம். இத மட்டும் விடலாமா? போன தடவ அவசரத்துல பொட்டு வைக்காம அனுப்பித்தான கடல்ல விழுந்துச்சு."

"அண்ணே, கோளாறு ராக்கெட்டு இஞ்சின்ல. நம்ம கீலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? என்னைய ஒரு வார்த்த கேட்டீகளா?"

"சந்தனந்தான தங்கச்சி. தொடச்சாப் போயிரும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த சாவிக்கொத்தை மேஜையில் விட்டெறிந்தேன். ஃபர்சானா டார்ச் அடித்து மூட்டைப் பார்த்தாள்.

"உள்ளே எண்ணெய் கிடையாதுக்கா, உலர்ந்த மசகுப் பூச்சுதான். சந்தனத்தோட ஈரம் இறங்கி அது உரிஞ்சிருக்கு. மேல போனப்புறம் தகடு விரியலைன்னா மொத்தமும் வீண்."

திரும்பப் பூசித் தருகிறோம் என்று கெஞ்சினேன். பூச்சும் அதன் பிறகு சோதனைகளும் முடிவதற்குள் ராக்கெட்டே கிளம்பிவிடும் என்றாள். அவளும் முகம் வாடித்தான் நின்றாள். இது ஆகாது என்பதற்கு அடையாளமாகக் கீலில் சிவப்பு அட்டை கட்டினாள். தரைச் சோதனைக்காகக் கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்று செய்த கீல் நல்ல நிலையில் இருந்தது, அதையே வைத்துக் கட்டினார்கள்.

நாங்கள் போட்ட சண்டையைச் சொல்லி மாளாது. பங்கைப் பிரித்துக்கொண்டு போங்கள் என்றுகூடச் சொன்னேன். அவர் போகவில்லை. காலையில் வந்து எனக்கு முன்னால் ஷட்டரைத் திறந்துவிட்டு லேத்தில் நின்றார்.

செயற்கைக்கோள் கிளம்பிய நாளில் பட்டறையே ஒரு செல்போனைச் சுற்றி நின்றது. ராக்கெட் நல்லபடியாகப் போனது. தகடு விரிந்துவிட்டது என்று அறிவித்ததும் பையன்கள் கைதட்டினார்கள். என்னால் முடியவில்லை. காலையிலேயே அரியக்குடிப் பெருமாள் கோயிலுக்குப் போய் வந்திருந்த அண்ணன் துளசியை நீட்டினார்.

"நல்லபடியாப் போயிருச்சு தங்கச்சி. யாரு செஞ்சா என்ன, அது போதும்."

"எனக்குப் போதாதுண்ணே. நம்மளது போயிருக்கணும்."

நீட்டிய கையை அவர் இறக்கவில்லை.

"எனக்குந்தான் போதல," என்றார்.