எஃகுப் பெட்டியின் மேல் ஃபைனா

போன முறை வெள்ளிக் கிரகத்தில் இறங்கிய கலம் கண்ணைத் திறக்காமலே செத்துப்போனது. ஈயத்தை உருக்கும் அந்தச் சூட்டில் மற்ற கருவிகளெல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. கேமராவின் மூடி மட்டும் கழலவில்லை. மாஸ்கோவுக்கு வந்து சேர்ந்த படம் தார் பூசியதைப்போல ஒரே கறுப்பு. அந்தக் கேமரா ஃபைனா செய்தது.

அங்குள்ள காற்றின் அழுத்தம்தான் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டது என்று அவள் கண்டுபிடித்தாள். இந்த முறை இரு பக்கமும் அழுத்தம் சமமாகும்படி மூடியில் சின்னதாக ஒரு துளை போட்டாள். அழுத்த உலையில் வைத்துப் பார்த்தபோதெல்லாம் மூடி துள்ளிக்கொண்டு விழுந்தது. மேலிடம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கேமராவைக் கழற்றிவிட்டு, அதே எடைக்கு அரசுச் சின்னம் பொறித்த எஃகுக் கட்டியை வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. குருடனுக்குப் பதக்கம் குத்தி அனுப்புகிறார்களாம்!

கலத்தைப் பூட்டி ஏவுதளத்துக்குப் போகும் ரயிலில் ஏற்ற வேண்டிய நாள். பயணம் கிளம்புமுன் எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து எழுவது ருஷ்ய வழக்கம்; தவறினால் பயணம் விளங்காது என்பார்கள். பட்டறைத் தலைவர் ஆர்கடி தீகனவிச் கட்சிக் கூட்டத்தில் கடவுளே இல்லை என்று முழங்குவார். ஆனால் பட்டறையில் யாராவது சீட்டியடித்தால் கெட்ட சகுனமென்று முகம் வெளுத்துவிடும். அவரும் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். ஃபைனா நேராகப் போய் எஃகுக் கட்டி இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"சரி, எழுந்திருங்க" என்றார் தலைவர். எல்லாரும் எழுந்தார்கள். அவள் மட்டும் அசையவில்லை.

"ஃபைனா லாசரெவ்னா, காது கேக்கலையா?"

"கேக்குது. நான் இன்னும் உக்காந்து முடிக்கல."

"ரயில் நிக்குதும்மா."

"நிக்கட்டும். ஒருத்தி உக்காந்திருக்கும்போது கிளம்பினா விளங்குமா? நீங்களே சொல்லுங்க."

யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். தலைவருக்கு முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது.

"ஏய் ஃபைனா, காவலாளியைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லவா?"

"தூக்கச் சொல்லுங்க. பயணத்துக்கு உக்காந்தவளை இழுத்துப் போட்டுட்டுத்தான் அனுப்பினீங்கன்னு ஊரெல்லாம் பேசும். அப்புறம் ராக்கெட் விழுந்தா என்னைக் கேக்காதீங்க."

வேலை போனால் அவளை வேறு எங்கும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் அந்தக் கறுப்புப் படத்தோடு வாழ்வதை நினைத்தால் இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், கலத்தைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார்.

"மறுபடி கறுப்பா வந்தா உன் பேரைத்தான் சொல்லுவேன்."

"தாராளமா. லாசரெவ்னான்னு அப்பா பேரையும் சேர்த்துச் சொல்லுங்க."

பெட்டி பட்டறையிலேயே தங்கியது. கேமரா போனது.

நான்கு மாதம் கழித்து, கிரீமியாவின் தொடர்பு நிலையத்தில் இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். கலம் தரையைத் தொட்டுவிட்டது. படம் கோடு கோடாகத் தாளில் இறங்கத் தொடங்கியது. முதல் கோடு கறுப்பு. அடுத்ததும் கறுப்பு.

"முடிஞ்சுது" என்றார் தலைவர்.

"அது கேமரா சன்னலோட விளிம்பு. வாயை மூடிட்டுப் பாருங்க."

அவரிடம் அப்படி இதுவரை யாரும் பேசியதில்லை. அவர் வாயை மூடிக்கொண்டார். அடுத்த கோட்டின் ஓரம் சாம்பல் நிறமாக வெளுத்தது. பிறகு ஒரு கல் வந்தது, பக்கத்தில் இன்னொரு கல். தட்டை தட்டையாக, அடுப்பில் கருகிய ரொட்டியைப்போல ஒரு தரை. அதன்மேல் வட்டமாக, நடுவில் துளையோடு, அவளுடைய மூடி கிடந்தது. ஃபைனா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

அந்தச் சூட்டில் கலம் அரை மணி நேரம் தாங்கினால் பெரிய விஷயம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அதைத் தாண்டியும் சமிக்ஞை வந்துகொண்டே இருந்தது. கலத்துக்குள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போனது.

"அதான் படம் வந்துடுச்சே. எழுந்து வாங்க, ஃபைனா லாசரெவ்னா. சாப்பிடப் போகலாம்."

அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது அந்த நெருப்பில உக்காந்திருக்கு. இன்னும் எழுந்திரிக்கல. நான் மட்டும் எப்படி எழுந்திரிப்பேன்?"

ஆர்கடி தீகனவிச் பாதி எழுந்தவர், மறுபடி உட்கார்ந்தார்.