ஆடி மழையில் நான்கு பச்சைக் கட்டங்கள்

ஆடி மாதம் ஏலக்காட்டில் காய் எடுக்கிற பெண்ணிடம் போய், "இன்றைக்கு உனக்கு ஈரமா, உலர்வா?" என்று கேட்டுப் பாருங்கள். கையிலிருக்கும் கூடையாலேயே ஒன்று போடுவாள். இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, செடியின் தூரில், சொதசொதத்த மண்ணில் உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை காய் பறிப்பவளுக்கு உலர்வு என்று ஒரு சமாச்சாரம் ஏது? ஆனால் குமுளிக்கு மேலே எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருக்கும் இன்பமேரி அந்தக் கேள்வியைத் தினமும் தன்னையே கேட்டு, பதிலுக்கு ஒரு கட்டத்தில் வண்ணமும் அடித்துக்கொண்டிருந்தாள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஏழு மாதத்துக்கு முன் மகள் டின்டு பிறந்தபோது வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். அதற்கப்புறம் ரத்தம் நிற்கவில்லை. பாட்டில் பாட்டிலாக ஏற்றிப் பிழைக்க வைத்த டாக்டரம்மா, இரண்டு வருஷத்துக்கு அடுத்த பிள்ளை என்ற பேச்சே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

மாதா கோயில் சிஸ்டர் ஒருவர் வீட்டுக்கு வந்து, ஒரு கட்டம்போட்ட தாளும் மூன்று கலர் பென்சிலும் கொடுத்தார். உடம்பு காட்டுகிற அடையாளத்தைப் பார்த்து நாள் ஒதுக்குகிற முறை அது. உலர்ந்த நாளுக்குப் பச்சை, அன்றைக்குப் பயமில்லை. முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுவென்று ஈரம் கண்டால் நீலம், அன்றைக்குத் தள்ளி இருக்க வேண்டும். மாதவிலக்கு வந்தால் சிவப்பு. இன்பமேரியின் புருஷன் சுவக்கீனும் பக்கத்தில் உட்கார்ந்து, ஜீப் ஓட்டுகிறவனுக்கே உரிய கவனத்தோடு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

இன்பமேரி அந்தத் தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தாள். ஆறு மாதம் பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு வேறு எதுவும் கொடுக்கவில்லை. தாளும் பச்சைப் பசேலென்று ஓடியது. பச்சையால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதுதான் அவளுடைய துக்கம். பிள்ளை பிறந்த நாளிலிருந்து சுவக்கீன் முன்னறையில்தான் படுத்தான். தையல் ஆறட்டும் என்றான் முதலில். தையல் ஆறியது. அப்புறம் முதுகு வலி என்றான். குண்டும் குழியுமான ரோட்டில் காலையும் மாலையும் ஆள் ஏற்றி இறக்குகிறவனுக்கு முதுகு வலிக்காதா என்று அவளும் தைலம் தேய்த்துவிட்டாள்.

ஆனால் தைலம் தேய்க்கிற கைக்கும் மனசு இருக்கிறதே. குளிக்கும்போது அடிவயிற்றில் குறுக்கே ஓடும் தழும்பைப் பார்ப்பாள். தொளதொளவென்று தொங்கும் தோலைப் பார்ப்பாள். அவருக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது, அவ்வளவுதான், என்று நினைத்துக்கொண்டு, தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்வாள். இருபத்தாறு வயதில் இப்படி நினைப்பது எவ்வளவு வலி என்று யாரிடம் சொல்வாள் பாவம்.

பிரசவ லீவு முடிந்து ஏலக்காட்டு வேலைக்குப் போனாள். பகலில் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் டின்டுவுக்கு ராகிக் கூழ் ஊட்டினார்கள். பிள்ளை நன்றாகச் சாப்பிட்டது, பால் குடிப்பது பாதியாகக் குறைந்தது. அதில் ஒரு சங்கதி இருக்கிறது என்று சிஸ்டர் சொன்னதை இன்பமேரி மறந்தே போனாள். மழையும் பிடித்துக்கொண்டது. ஆடி நடுவில் நான்கு நாள் உடம்பில் ஏதோ ஈரம் தெரிந்தது. நாள் முழுக்க நனைந்து கிடக்கிறோம், மழை ஈரம்தானே என்று நான்கு கட்டத்துக்கும் பச்சை அடித்துவிட்டாள். பச்சை அடிக்க வேண்டும் என்ற ஆசையும் அவளுக்கு இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

நான்காவது நாள் துணிந்து கேட்டே விட்டாள்.

"ஏங்க, இன்னைக்கும் பச்சைதான். உள்ள வந்து படுங்களேன்."

சுவக்கீன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான். "முதுகு பிடிச்சிருக்கு மேரி" என்று சொல்லிவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டான். இன்பமேரிக்கு அவமானத்தில் காது மடல் எரிந்தது.

இரண்டு வாரம் கழித்து மாதவிலக்கு வந்தது. அன்று பிள்ளைகளுக்கு எடை பார்க்க லயத்துக்கு வந்திருந்தாள், வீடு வீடாகப் போய்ச் சுகாதாரம் பார்க்கும் ஆஷா ஊழியர் மாரீஸ்வரி. இன்பமேரி அவளிடம் தாளைக் காட்டினாள். மாரீஸ்வரி விரலை வைத்துப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே போய், அந்த நான்கு பச்சையில் நிறுத்தினாள்.

"புள்ள எப்பருந்து கூழ் குடிக்கிது?"

"நான் வேலைக்குப் போனதுலருந்துக்கா."

"அப்பறம் என்னத்தப் பச்சைன்னு போட்ட? பால் கொறஞ்சாலே உடம்பு முழிச்சுக்கிரும். மாசம் வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னக்கூட்டியே முட்டை வந்துரும். இந்த நாலு நாளும் நீலம்டி! நல்லவேள, ஒங்க வீட்டுக்காரரு ஊர்ல இல்லயா?"

"ஊர்லதான் இருந்தாரு" என்றாள் இன்பமேரி.

சாயங்காலம் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்தவனுக்குக் பால் விடாத கட்டன் சாயாவைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மாரீஸ்வரி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா, அது தப்பான பச்சைன்னு?"

"சந்தேகம்தான். அடுப்புக்கு மேல காயப்போட்ட பாவாடையே மூணு நாளாக் காயல. நீ மட்டும் எப்படிக் காஞ்சிருப்ப?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் விடவில்லை. "சரி. அதுக்கு முந்தி ஆறு மாசமும் மழையா பேஞ்சுச்சு? அப்பவும் முதுகு வலியா? என்னைய ஏன் அண்ட விடல? நேராச் சொல்லுங்க. தழும்பப் பாத்து அருவருப்பா இருக்கா?"

சுவக்கீன் கிளாஸைக் கீழே வைத்தான். "எவடி சொன்னா அருவருப்புன்னு?"

"யாரும் சொல்லல. நீங்க சொல்லாததாலதான் நானா நெனச்சுக்கிட்டேன்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னைக்கு நீ மயக்கத்துல கெடந்த. ரத்தம் வேணும் ரத்தம் வேணும்னாங்க. ஜீப் ஸ்டாண்டு சுஜினையும் இன்னும் மூணு பேரையும் ஜீப்புல அள்ளிப் போட்டுட்டு வந்தேன். பத்தாதுன்னுட்டாங்க. மறுபடி ஓடுனேன். திரும்பி வந்தப்ப ஒரு நர்ஸ் ஒன் சேலைய வாளியில போட்டு எடுத்துட்டுப் போனா. தண்ணியெல்லாம் ரத்தம். முடிஞ்சு போச்சுன்னு நெனச்சேன் மேரி. புள்ளயக் கையில வச்சுக்கிட்டு வராந்தாவுல உக்காந்து அழுதேன். நீ பச்சை பச்சைன்னு காட்டுற. எனக்கு ஆசை இல்லாம இல்ல. பக்கத்துல வந்தா அந்த வாளிதான் தெரியுது."

இன்பமேரி வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழு மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் இந்த மனுஷன் இதை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஜீப் ஓட்டியிருக்கிறானே என்று அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இத அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"பொண்டாட்டி கூப்புடுறப்ப பயமா இருக்குன்னு எந்த ஆம்பள சொல்லுவான்?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போய், தங்களுக்கு எது சரிப்பட்டு வரும் என்று டாக்டரம்மாவிடமே கேட்டுவிடலாம் என்றாள். அவன் சரி என்றான். அதுவரை முன்னறையிலேயே இருந்துகொள்கிறேன் என்றும் சொன்னான்.

"அதெல்லாம் வேணாம்" என்றாள் இன்பமேரி. "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். பயமா இருந்தா என் பக்கத்துல படுத்துப் பயப்படுங்க. எனக்கும் பயம்தான்."