கால்நடைத் துறையில் பதினோரு ஆண்டுகள்

அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு வக்கீலுக்கும் ஒரு படம், படத்துக்குக் கீழே நாலு வரி. எங்கே படித்தார், யாரிடம் தொழில் பழகினார், எத்தனை விவாகரத்து பார்த்தார். ஃபிரான்சிஸ்டவுன் நகரில் குடும்ப வழக்கு நடத்துகிற எல்லோரும் இப்படித்தான் தங்களைச் சோடித்துக்கொள்வார்கள். செதூன்யாவின் படத்துக்குக் கீழே மட்டும் முதல் வரியே 'கால்நடைத் துறையில் பதினோரு ஆண்டுகள், தடுப்பூசி உதவியாளர்' என்று இருந்தது.

"அந்த வரிய எடுத்துடுங்கம்மா. வர்றவங்க சிரிக்கிறாங்க," என்று கூட்டாளி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார்.

"சிரிக்கட்டும். ஒருத்தன் படிக்கணும்னுதான் போட்டிருக்கேன்."

அந்த ஒருத்தன் பெனியோ லெகோகோ. ஊரிலேயே பெரிய விவாகரத்து வக்கீல். பதினாலு வருஷத்துக்கு முன்னால் செதூன்யாவின் புருஷனுக்காக வாதாடியவர். அன்று நீதிமன்றத்தில் அவர் பேசியது ஒரு சொல் விடாமல் அவளுக்கு நினைவிருக்கிறது. "மைலார்ட், மாசத்துல இருபது நாள் இந்தம்மா மாட்டுப்பட்டியில. முழங்கை வரைக்கும் சாணி. இந்தக் கையா ஒரு பொம்பளப் பிள்ளைய வளர்க்கப்போகுது?" எல்லோரும் சிரித்தார்கள். ஆறு வயது வாமே அப்பனோடு ஜோகன்னஸ்பர்க் போய்விட்டாள். இப்போது அவளுக்கு இருபது. வருஷத்துக்கு இரண்டு முறை போனில் பேசினால் பெரிது. அதிலும் அம்மா என்று வராது, ஊரார் கூப்பிடுவது போல 'செதூன்யாம்மா' என்றுதான் வரும்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் அவள் சட்டம் படித்தாள். நீதி, நியாயம் என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லெகோகோவை ஒரு நாள் எதிரில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நாள் தானாக நடந்து வந்தது. லெகோகோவின் மனைவி டினேயோ வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "அவரை விட்டுப் போறேன். இந்த ஊர்ல ஒரு வக்கீலும் அவருக்கு எதிரா நிக்க மாட்டேங்கறாங்க. நீங்க நிப்பீங்களா?"

"நிப்பேன்மா. டீ குடி," என்றாள் செதூன்யா. தானே எழுந்து போய் டீ ஊற்றினாள். சந்தோஷத்தில்தான்.

லெகோகோ தன் வழக்கைத் தானே நடத்தினார். அத்தனை திமிர். மாட்டுப்பட்டியில் எழுபத்திரண்டு மாடு நின்றது. 'அவற்றில் ஒன்பது மட்டுமே என்னுடையவை. மற்றவை என் அண்ணனுடையவை. எல்லாம் கன்றாக இருந்தபோதே அவர் தன் அடையாளக் குறியைச் சூடு போட்டவை' என்று சத்தியம் செய்து பிரமாணப் பத்திரம் கொடுத்தார். ஒன்பதைப் பங்கு போட்டால் டினேயோவுக்கு நாலரை மாடு. மாடுகளை நேரில் பார்க்க வேண்டும் என்று செதூன்யா மனுப் போட்டாள். நீதிபதி சம்மதித்தார். அவருக்கும் சொந்தமாக மாடு உண்டு.

ஜூலை மாதக் குளிர். காலையிலேயே பட்டியில் புழுதி. லெகோகோ பளபளக்கிற காலணியோடு நீதிபதிக்குப் பக்கத்தில் வேலி ஓரம் நின்றார். மேய்ப்பவர் ஒரு கிழட்டுச் செவலைப் பசுவைக் ஒரு மாடு மட்டும் நிற்கிற கட்டைச் சந்துக்குள் நெருக்கி நிறுத்தினார். பரிசோதிக்க வந்திருந்த கால்நடை அலுவலர் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"மைலார்ட், அவர் எதுக்கு? அந்தம்மாவே பாக்கட்டும். பழைய தொழில்தானே!" என்று லெகோகோ வாய்விட்டுச் சிரித்தார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

"இவருக்கு ஆட்சேபணை இல்லைங்கறது பதிவாகட்டும் மைலார்ட்," என்றாள் செதூன்யா. கோட்டைக் கழற்றி டினேயோவிடம் கொடுத்தாள். சட்டைக் கையை மடித்தாள். பசுவின் வாயைப் பிரித்துப் பல்லைக் காட்டினாள். எல்லாம் தேய்ந்து குட்டையாகியிருந்தது.

"இதுக்கு என்ன வயசு சொல்வீங்க ஐயா?"

"பத்து இருக்கும்," என்றார் அலுவலர். நீதிபதியும் தலையாட்டினார்.

"உங்க அண்ணனோட சூட்டுக்கோலக் கொண்டுவரச் சொல்லுங்க, லெகோகோ ஐயா."

கோல் வந்தது. குளிர்ந்த இரும்பை அப்படியே பசுவின் தொடையில் இருந்த தழும்பின் மேல் வைத்தாள். சட்டிக்கு மூடி போல அச்சாகப் பொருந்தியது.

லெகோகோ கைதட்டினார். "பாத்தீங்களா மைலார்ட்! எங்க அண்ணன் குறியேதான்!"

நீதிபதி கைதட்டவில்லை. அவர் முகம் மாறியிருந்தது.

"கன்னுக்குட்டிக்குச் சூடு போட்டா மாடு வளர வளர தழும்பும் வளரும் ஐயா," என்றாள் செதூன்யா. "பத்து வயசுப் பசு மேல ரெண்டு மடங்காவது இருக்கணும். இது கோல் அளவுக்கே இருக்கு. அப்போ இந்தச் சூடு எப்போ போட்டது?"

அவள் கத்தரியை வாங்கிக் குளிர்கால முடியை ஒட்ட நறுக்கினாள், ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினாள். புதுத் தழும்பைச் சுற்றிலும், விரிந்து வெளிறிப்போய், பெரிய பழைய குறி ஒன்று தெரிந்தது. லெகோகோவின் குறி. அடுத்த மாட்டிலும் அதுவே. அதற்கடுத்ததிலும் அதுவே. பதினோராவது மாட்டில் நீதிபதி போதும் என்றார்.

மற்றவர்கள் வண்டிக்குப் போனதும் லெகோகோ ஓடிவந்தார். காலணியெல்லாம் சாணி. "டினேயோ கேக்கறத எல்லாம் தர்றேன். பாதி மாடு, வீடு, எல்லாம். அந்தப் பத்திரத்த மட்டும் வக்கீல் சங்கத்துக்கு அனுப்பாதம்மா. பொய்ச் சத்தியம்னு பேரையே அடிச்சிடுவாங்க. இருபத்தாறு வருஷத் தொழில்!"

"டினேயோ பங்கு டினேயோவுக்கு வரும். நீங்க தர்றது இல்ல, அது அவளோடது," என்றாள். ஆனாலும் அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் மனசு ஒரு கணம் தளர்ந்தது. உண்மையைச் சொன்னால் தளரத்தான் செய்தது.

"உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?" என்றார் அவர்.

"என் பொண்ணு வாமே."

"எந்த வாமே?"

நடிக்கவில்லை. நிஜமாகவே ஞாபகம் இல்லை. பதினாலு வருஷமாக அவள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் அத்தனையும் வீண். அட பாவி!

"நெனவில்லையா? சரி. இது நெனவிருக்கும்," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

அன்று மாலையே புகார்ப் படிவத்தை நிரப்பினாள். புகார் தருபவரின் தொழில் விவரம் என்ற இடத்தில் கால்நடைத் துறையில் பதினோரு ஆண்டுகள் என்று முதலில் எழுதினாள். அடுத்த மார்ச் மாதம் லெகோகோவின் பெயரை வக்கீல் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அவர் அலுவலகப் பக்கத்தில் அவர் படம் இருந்த இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வாமேயைப் போனில் கூப்பிட்டாள்.

"லெகோகோவைத் தொழில விட்டே தூக்கிட்டாங்க."

"யாரு அவரு, செதூன்யாம்மா?"

"உன்ன எங்கிட்டருந்து பிரிச்சு உங்கப்பாகிட்ட கொடுக்க வாதாடினவன்."

"நான் வேணும்னு நீங்க கோர்ட்டுக்குப் போனீங்களா? நீங்களாத்தான் என்னை வேணாம்னு விட்டுட்டீங்கன்னு அப்பா சொன்னாரே."

செதூன்யா லெகோகோவை முறைத்துக்கொண்டிருந்த பதினாலு வருஷமும் நிஜமான எதிரி ஜோகன்னஸ்பர்க்கில் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"போனேன்டி. தோத்துட்டேன். ஃபைல் எங்கிட்ட இருக்கு, நீ வேணும்னு நான் எழுதினது ஒவ்வொரு பக்கமும் இருக்கு. அனுப்பவா?"

"அனுப்புங்க. அப்பா முன்னாடி வச்சு, நானே உரக்கப் படிக்கிறேன், அம்மா."

செதூன்யா மேசையின் கீழ் அறையைத் திறந்து அந்த ஃபைலை வெளியே எடுத்தாள்.