பாஸ் டிரம்முக்கு வாட்டர் சர்வீஸ்

மனித இனம் துடைப்பதற்குச் செலவழித்த நேரத்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால், இந்நேரம் செவ்வாய் கிரகத்தில் நமக்கென்று ஒரு மீனவர் குப்பம் இருந்திருக்கும். இது கிஷோரின் கண்டுபிடிப்பு. மாமல்லபுரத்துக்கு வடக்கே, எங்கள் குப்பத்து வலைக்கொட்டகையில், கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து அதை அவன் உலகுக்கு அறிவித்தான். செங்கல்பட்டுக் கல்லூரியில் அவன் மெக்கானிக்கல் படிக்கிறான். ரஞ்சிதாவும் நானும் வெறும் வணிகவியல். மறுத்துப் பேச எங்களுக்குத் தகுதி கிடையாது.

அவன் காலடியில் ரஞ்சிதா துடைத்துக்கொண்டிருந்தாள்.

துடைக்கப்பட்டது ஒரு பழைய வெளிநாட்டு டிரம் செட். சிவப்பு மினுமினுப்பு உறை போட்டது. கடற்கரை ஓட்டல் ஒன்றை மூடியபோது அவள் அப்பா பூவராகவன் வாங்கி வந்தார். சில கச்சேரிகளுக்குப் பிறகு அவர் படகு பக்கம் போய்விட்டார். செட் கொட்டகைக்குப் போனது. ஸ்க்ரூக்களை உப்புக் காற்று தின்றது. காலால் மிதித்து அடிக்கும் பெரிய பாஸ் டிரம்மின் ஒரு பக்கத் தோலைக் கழற்றிவிட்டு, மேலே தாம்பாளம் போட்டு மூடி, அவள் அம்மா சொர்ணம் அதில் கருவாடு வைத்தார். பூனை தள்ள முடியாத பாத்திரம் வேறெங்கே கிடைக்கும்?

ஆடி வெள்ளியன்று கெங்கையம்மன் திருவிழாவில் எங்கள் குழுவின் கச்சேரி. நான் கீபோர்டு, கிஷோர் பாட்டு. ரஞ்சிதாவுக்கு இதுவரை ஊர் கொடுத்த வாத்தியம் கையில் குலுக்கும் டாம்பரின். அவளுக்கு வேண்டியது டிரம்ஸ். விழாக் கமிட்டித் தலைவர் லட்சுமணன் அவளுடைய தாய்மாமன். அவர் ஒரு வழி சொல்லியிருந்தார்.

"வியாழக்கெயம சாய்ங்காலம் வந்து கேப்பேன். சத்தம் ஒயுங்கா வந்துச்சின்னா நீ வாசி. இல்லினா செங்கல்பட்டுலேர்ந்து கரண்டு டிரம் பேட் வாசிக்கிற பையன இட்டாந்துருவேன். அப்புறம் மூஞ்ச தூக்கக் கூடாது."

அதனால்தான் ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றி, டீசலில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, டிரம்மில் இருந்த வரிசையிலேயே செய்தித்தாள் மேல் வட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா ரஞ்சி, ஸ்க்ரூவுக்குப் பல்லு தேய்ச்சி வுட்டுகினு கீற? அப்பால நாஸ்தா ஊட்டுவியா?" என்றான் கிஷோர்.

"நீயும் வாயத் தொற. ஒனக்கும் தேய்ச்சி வுடறேன்."

"மெஷின் கீற காலத்துல இன்னா பேஜாரு இது. எல்லாத்தையும் ஒண்ணா கொட்டிக் கலக்கி மாட்ட வேண்டியதுதான?"

"அதது அந்தந்த ஓட்டைலதான் ஏறும். மாத்திப் போட்டு முறுக்குனா மரை பூடும். இதெல்லாம் மெக்கானிக்கல்ல சொல்லித் தர்லியா?"

கிஷோர் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் மூக்கு வேலையில் இருந்தது. பாஸ் டிரம்மிலிருந்து நெத்திலி வாசனை வந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை காலையில் ரஞ்சிதா அரியர் பரீட்சைக்குப் போயிருந்த நேரத்தில் அவன் உதவி செய்ய முடிவெடுத்தான். பைக்கில் பின்னால் நான்; என் மடியில் பாஸ் டிரம். திருக்கழுக்குன்றம் சாலையில் தமிழ்வாணன் என்பவரின் வாட்டர் சர்வீஸ் கடையில் இறங்கினோம்.

"இன்னா வண்டி?" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

"வண்டி இல்ல அண்ணாத்த. டிரம்மு."

அவர் டிரம்மைச் சுற்றி ஒரு முறை நடந்தார். "அடி வாஷும் அடிக்கணுமா?"

"அடிலதான் கருவாடே கீது."

நுரை போட்டார். பீய்ச்சி அடித்தார். வாசனை உண்மையிலேயே குறைந்தது. திரும்பும் வழியில் வெயிலும் காற்றும் பட்டு, சிவப்பு உறை கட்டுத்துணி போல அவிழ்ந்து என் முகத்தில் அடித்தது. குப்பத்துக்குள் நுழையும்போது டிரம்மின் விளிம்பில் மரம் பரோட்டா மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது.

ரஞ்சிதா கத்துவாள் என்று தயாராக இருந்தோம். அவள் கத்தவில்லை. விரலை அந்தப் பிளவில் விட்டுப் பார்த்துவிட்டு, "கிஷோர், இது மரம்டா" என்றாள்.

"கடல்ல போற போட்டும் மரந்தான ரஞ்சி. தண்ணிலியே தான கீது?"

மூலையில் வலை பின்னிக்கொண்டிருந்த பூவராகவன் நிமிராமல் சொன்னார்: "நம்ம போட்டு ஃபைபரு."



ரஞ்சிதா டிரம்மைச் சாயங்காலம்வரை ஃபேன் காற்றில் வைத்தாள். கிஷோர் வெயிலில் வைக்கலாமென்றான். "வெச்சா வெடிக்கும், கம்முனு இரு" என்றாள். பிறகு ஏடுகளுக்குள் பசை தடவி, வலைக்கயிற்றை எடுத்துச் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். ஒரு முனை அவள் கையில், இன்னொன்று கிஷோரின் இடுப்பில். பாதி ஸ்க்ரூக்கள் துருவோடு அப்படியே கிடந்தன. அதற்கு நேரமில்லை.

வியாழன் மாலை லட்சுமணன் மாமா வந்தார். உறை போய், வெறும் மரத்தோடு, கயிறு சுற்றி நின்ற டிரம்மைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, நண்டுக்குக் கட்டுப் போட்ட மாதிரி? யாரு பண்ண வேலை?"

ரஞ்சிதா கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிஷோர் ஐஸ் பெட்டியின் மேலிருந்தபடியே கையைத் தூக்கினான். "நான்தான் மாமா. வாட்டர் சர்வீஸ் வுட்டேன்."

"டிரம்முக்கா?"

"ஆமா மாமா."

மாமா அவனை மேலும் கீழும் அளந்தார். பிறகு ரஞ்சிதாவைப் பார்த்து, "அடி" என்றார்.

அவள் அடித்தாள். ஸ்னேர் என்ற சின்ன டிரம் சுத்தமாகக் கேட்டது. பாஸ் டிரம்மின் சத்தம் அடிவயிற்றில் வந்து உட்கார்ந்தது. நாலு சுற்று நன்றாகப் போனது; ஐந்தாவதில் தோல் தளர்ந்து தகர டப்பா மாதிரி லொடலொடத்தது. அவள் நிறுத்தினாள்.

"நாளைக்கு முச்சூடும் தாங்குமா?"

"பாதி ஸ்க்ரூதான் ஏத்தியிருக்கு மாமா. மீதியும் ஏறுச்சின்னா தாங்கும். கயித்த மட்டும் கச்சேரி முடியற வரைக்கும் அவுக்கக் கூடாது."

அவர் வாசல்வரை போனார். நின்றார். "அப்ப ஏத்து. அந்தப் பையன வேணான்னு சொல்லிடறேன். ஏம்மா, கயிறு மேல பூவயாச்சும் சுத்து, ஜனம் பாக்கும்."

ரஞ்சிதா சிரிக்கக்கூட இல்லை. குச்சியைத் தொடையில் தட்டிப் பழக ஆரம்பித்துவிட்டாள், கை நிற்கவில்லை.

கிஷோர் ஐஸ் பெட்டியை விட்டு இறங்கினான். செய்தித்தாளருகே சம்மணம் போட்டு, வட்டத்தில் மிச்சமிருந்த துருப்பிடித்த ஸ்க்ரூ ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"ரஞ்சி, இது எந்த ஓட்டை?"

"மேலேர்ந்து மூணாவது. எடப் பக்கம்."

டூத் பிரஷ்ஷை டீசலில் தோய்த்தான். மரையின் ஒவ்வொரு சுற்றாகத் தேய்க்கத் தொடங்கினான்.

"இன்னா மச்சான்?" என்றேன்.

"வெளிச்சத்துல நிக்காத" என்றான்.