வெர்னாவுக்கு அறிவு ஐந்து

1

இந்தக் கதை ஓர் எண்ணிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எண் ஐந்து. விஸ்கான்சினில், வின்னபாகோ ஏரிக்கரை ஊரொன்றில், ரோலி ஹாப்ட் வீட்டு பேஸ்மென்ட்டில் ஞாயிறு மதியங்களில் நாங்கள் ஆடும் கற்பனை ஆட்டத்துக்காக வெர்னா ஷிம்கஸ் மூன்று பகடைகளை உருட்டினாள். இரண்டு, இரண்டு, ஒன்று. அவள் ஆடப்போகும் பாத்திரத்தின் அறிவு அவ்வளவுதான். பதினெட்டுக்கு ஐந்து.

(ஐந்தறிவு என்றதும் நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நானும் சிரித்தேன். இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.)

ரோலிதான் ஆட்டத்தின் நடத்துனர். உலகத்தை வர்ணிப்பதும், அதில் நாங்கள் செய்கிற காரியத்துக்கு விளைவு சொல்வதும் அவர். பஸ் நடத்துனர்களைவிடக் கறார். அவர் மேசையில் விழுந்த எண்ணை மாற்ற முடியாது, எண்ணைத் தாண்டிப் பேசவும் முடியாது. அறிவு குறைந்த பாத்திரத்தின் வாயில் மேதாவிப் பேச்சு வந்தால் மரக்கரண்டியால் மேசையைத் தட்டுவார்.

வெர்னா ஊர்க் குடிநீர் நிலையத்தில் பொறியாளர். அவளுக்கு எதையும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. அவளோடு இரட்டையாகப் பிறந்த கர்ட் ஓட்டுவது பால் லாரி. அவனுக்கு எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது, வெர்னா உட்பட. பகடைக்குக் குசும்பு அதிகம். கர்ட்டுக்கு விழுந்தது மந்திரவாதி, அறிவு பதினேழு.

2

முதல் வரைவு இப்படிப் போனது: 'க்ரப் வாயைப் பிளந்துகொண்டு சுவரில் முட்டிக்கொண்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சி—'

அடித்துவிட்டேன். மந்தமான பாத்திரம் கையில் கிடைத்தால் எழுத்தாளன் செய்யும் முதல் காரியம் அதைக் கோமாளியாக்கிக் கைதட்டல் வாங்குவது. வெர்னா ஒரு நாளும் அப்படிச் செய்யவில்லை. அவள் ஆடிய பாத்திரமான க்ரப் ஒரு கோடரிக்காரி. மெதுவாக யோசிப்பாள். புரியாவிட்டால் புரியவில்லை என்பாள், வெட்கமே இல்லாமல். வசீகரம் ஆறு என்பதால் சத்திரக்காரர்கள் அவளைக் கண்டதும் கதவைச் சாத்துவார்கள். அவளும் கோபப்படாமல் குதிரை லாயத்தில் போய்ப் படுத்துக்கொள்வாள். ஆனால் விவேகத்துக்குப் பதினைந்து விழுந்திருந்தது. ஆகவே கூட்டத்தில் யார் பயந்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் முன்னால் அவளுக்குத் தெரியும்.

மூன்று எண்களை வைத்துக்கொண்டு அவள் ஒரு முழு ஆளை உண்டாக்கினாள். நான் இருபது வருடமாக எழுதுகிறேன், எனக்கு அது வரவில்லை. பொறாமையோடுதான் சொல்கிறேன்.

[வெர்னாவின் மனதில் ஓடியது உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஆட்டத்தில் நான் ஆடிய திருடன், இனி சொல்லப்போகும் ஞாயிற்றுக்கு முந்தைய வாரமே ஒரு பாழுங்கிணற்றில் விழுந்து செத்துப்போனான். அதனால் பக்கத்து நாற்காலியில் சீஸ் தின்றபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மிச்சம் ஊகம்.]

3

பிப்ரவரி மாத ஞாயிறு. 'வெளியே ஏரி உறைந்து கிடந்தது, வெர்னாவின் இதயத்தைப் போ—' வேண்டாம். அவள் இதயம் நன்றாகத்தான் இருந்தது.

ஆட்டத்தில் க்ரப்பும் மந்திரவாதியும் பூமிக்கடியில் ஒரு கல்லறையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே கதவு. சுவரில் ஒரு பிளவு. பிளவு வழியே தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"கதவைத் தள்றேன். பலமா," என்றாள் வெர்னா, க்ரப்பின் கனத்த குரலில். உருட்டினாள்.

"அசையல. தண்ணி இடுப்பு வரைக்கும் வந்தாச்சு," என்றார் ரோலி.

வெர்னாவுக்கு விடை அப்போதே தெரிந்துவிட்டது. அவள் தினமும் பார்க்கும் வேலைதானே. கதவுக்கு அந்தப் பக்கமும் தண்ணீர் நிற்கிறது, அதுதான் கதவை அழுத்துகிறது. உள்ளேயும் அதே அளவு நிரம்பிவிட்டால் ஒரு விரலால் திறக்கலாம். மந்திரவாதியிடம் ஒரே ஒரு மந்திரம் பாக்கி இருந்தது: கல்லை ஒட்டலாம் அல்லது உடைக்கலாம். பிளவை உடைத்துப் பெரிதாக்கி, தண்ணீரை மடமடவென்று உள்ளே விட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இப்போதைய வேகத்தில் நிரம்பினால் அதுவரை மூச்சு தாங்காது. ஒட்டிவிட்டால் இருவருக்கும் அதுவே சமாதி.

கர்ட் பிளவை ஒட்டத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். அது அவன் முகத்தில் எழுதியிருந்தது. பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"வெர்னா, உனக்குத் தெரியும்ல?"

"க்ரப்புக்குத் தெரியல."

"ஏய், விளையாடாத. ஒன்பது வருஷமா வச்சிருக்கேன் இவன. செத்துருவான்!"

கரண்டி தட்டியது. "கல்லறையில இருக்கறவகிட்ட பேசுப்பா. மேசையில இருக்கறவள விடு," என்றார் ரோலி.

பள்ளிக்கூடத்தில் கர்ட்டிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவள் வெர்னா. அவன் விவாகரத்து வக்கீலிடம் பேசியவளும் அவள்தான். அவன் புத்திசாலியாக இருக்கும் இடம் உலகத்தில் இந்த ஒரு மேசைதான். மந்திரவாதி செத்தால் அது போய்விடும். விடையை அவள் சொன்னாலும் போய்விடும். அவளுக்கு நாக்கு அரித்தது. க்ரப் களைத்துப்போய்ப் பிளவுப் பக்கம் சாய்ந்ததாகச் சொன்னால் என்ன, ஒரு சின்ன ஜாடைதானே என்று தோன்றியது. அதுவும் திருட்டுதான் என்று விட்டுவிட்டாள்.

க்ரப்புக்கு என்ன தெரியும்? எதிரே நிற்கிற ஒல்லி மனிதருக்குத் தாடை நடுங்குகிறது என்று தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

"ஒரு கையால கதவைத் தள்ளிக்கிட்டே இருக்கேன்," என்றாள் வெர்னா. "இன்னொரு கையால இவரத் தூக்கித் தோள்ல வச்சுக்கறேன். ஐயா, ஏறு. எனக்கு யோசிக்க வராது. உனக்கு வரும். நீ நிதானமா யோசி, நான் தாங்கறேன்."

கர்ட் அவளையே பார்த்தான். 'உனக்கு வரும்' என்று அந்த வாய் அவனிடம் சொல்லி யாரும் கேட்டதில்லை. நான் சீஸைத் தின்ன மறந்துவிட்டேன்.

"தண்ணி க்ரப் கழுத்துக்கு வந்தாச்சு," என்றார் ரோலி. அறிவு பதினேழுக்கு அவரிடம் மூன்று கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

"கதவு எந்தப் பக்கம் திறக்கும்?"

"வெளிப்பக்கம்."

"வெளிய தண்ணி நிக்குதா?"

"நிக்குது. கூரை வரைக்கும்."

கர்ட் மேசையை விரலால் சுரண்டினான். "போன வருஷம் உறைஞ்ச ஏரி மேல வண்டிய ஓட்டிக்கிட்டு மீன் குத்தப் போன நம்ம டட்லி, பனி உடைஞ்சு வண்டியோட ஏரிக்குள்ள போனான்ல... வண்டிக் கதவு திறக்கவே இல்லைன்னான். அப்பறம் கண்ணாடிய..."

நிறுத்திவிட்டான். கண்ணை மூடிக்கொண்டான்.

"மூக்கு வரைக்கும்," என்றார் ரோலி. வெர்னா நிஜமாகவே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். இது ஊகமில்லை, பார்த்தேன்.

4

கர்ட் கண்டுபிடித்துவிடுகிறான் என்று ஒரு முடிவு எழுதினேன். எல்லோரும் குதிக்கிறார்கள், ரோலி சாஸேஜ் வாட்டுகிறார். படித்தவர்களுக்குப் பிடித்திருந்தது. அவன் பிளவை ஒட்டி இருவரும் சாகிற முடிவையும் எழுதினேன். அதில் கர்ட் மந்திரவாதியின் எண்களை எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, "பரவால்ல, நானா செஞ்சது," என்கிறான். உண்மையைச் சொன்னால் எனக்கு அதுதான் கூடுதலாகப் பிடித்தது. மூன்றாவதாக ஒன்று தொடங்கினேன்: 'வெர்னாவால் பொறுக்க முடியவில்லை. கர்ட், அந்தப் பிளவை—'

அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை. அவளை எவ்வளவு மதிக்கிறேன் என்று அங்கேதான் எனக்கே தெரிந்தது.

அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. கதவு எப்படித் திறக்கும் என்பது இப்போது உங்களுக்கும் தெரியும். தெரியாதவன் ஒருவன்தான், அவன் யோசித்துக்கொண்டிருக்கிறான். தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்.