ஆளேறினால் வரும் சத்தம்

மங்கலம் சாலை வளைவில் காசிமாயன் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். மாவு மில்லுக்குள் கல் விழுந்தது போலக் கார் கரகரவென்று அரைத்தது. உள்ளே பேசிக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடினார்கள். வண்டி நேரானதும் சத்தம் நின்றது, பேச்சு விட்ட இடத்தில் தொடர்ந்தது. அவர் கைகள் மட்டும் பிடியைத் தளர்த்தவில்லை.

முதலாளி வீட்டுப் பழைய கார் அது. ஏழு பேர் உட்காரலாம். வீட்டுக்குப் புதுக் கார் வந்ததும் இதைப் பனியன் கம்பெனிக்கு இறக்கிவிட்டார்கள். செக்கிங் செக்‌ஷன் பெண்கள் பதினோரு பேரைக் காலையில் அள்ளிவந்து, மாலையில் கொண்டுபோய் விடுவது காசிமாயன் வேலை. உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். டிரைவர் வேலையோடு சேர்த்துக் கம்பெனி லைன் வீடு ஒன்றும் கொடுத்திருந்தது. வேலை போனால் வீடும் போகும். மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

சத்தத்தைப் பற்றி அவர் சொல்லாமல் இல்லை. சொன்னதுதான் வினையாகப் போயிற்று. முதலாளி மகன் தரணீதரன் நேற்று தானே காரை எடுத்து, கம்பெனியைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓட்டினான். கார் பூனை மாதிரி போனது. ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் ரத்தினசாமியும் ஓட்டிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

"எட்டு வருசம் நாங்க ஓட்டுன வண்டிங்ணா இது. ஒரு நாளும் சத்தம் வரலீங்களே" என்றான் தரணீதரன். குரலில் கோபமே இல்லை. "ஓட்டப் புடிக்கலீன்னா நேராச் சொல்லிருங்க. இல்லீன்னா நாளைக்குள்ள அந்தச் சத்தத்த எனக்குக் காட்டுங்க. முடியலீன்னா சாவிய ஆபீஸ்ல குடுத்துருங்க. வேற ஆள் பாத்துக்கறேன்."

பொய் சொன்னவன் ஆகிவிட்டோமே என்பதுதான் காசிமாயனுக்கு இரவெல்லாம் அறுத்தது. இன்றுதான் அந்த 'நாளை'.

"என்னண்ணே, மூஞ்சி செத்துக் கெடக்கு?" என்றாள் பின்னாலிருந்து ராமுத்தாய். அவர் சொன்னார். அவள் சிரித்தாள். "நாங்க எறங்குனதும் சத்தமும் எங்ககூடவே எறங்கிருது போல. அதுக்கும் கம்பெனி வாசல்ல கார்டு பஞ்ச் வைக்கணுமா இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். காசிமாயன் சிரிக்கவில்லை. காரை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"தாயி, இன்னொரு தரம் சொல்லு."

"எதண்ணே?"

"நீங்க எறங்குனா சத்தம் இல்ல. நேத்து அவுக ரெண்டு பேருமே வெறும் வண்டியத்தான ஓட்டுனாக." அவர் திரும்பிப் பார்த்தார். "எல்லாரும் அப்படியே ஒர்க்‌ஷாப்பு வரைக்கும் வர்றீகளா?"

"லேட்டானா அரை நாள் சம்பளம் போயிரும்ணே" என்றாள் அனுசுயா. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"சக்கரம் கழண்டா முழு நாளும் போயிரும். நீ ஓட்டுண்ணே" என்றாள் ராமுத்தாய்.

ரத்தினசாமி அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு, "அம்மிணிகளா, ஆரும் எறங்காதீங்க" என்றார். பக்கத்துக் காலிமனையில் காசிமாயன் இடப்பக்கமாக வட்டமடிக்க, ரத்தினசாமி குனிந்தபடியே கூட நடந்தார். கார் கரகரத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு மனிதனுக்குச் சந்தோஷம் வந்தது என்றால் அன்று காசிமாயனுக்குத்தான் வந்தது.

"வலது முன் சக்கரமுங்க. இடது பக்கம் ஒடிக்கறப்பப் பாரம் பூரா வலது பக்கம் சாயும். வெறும் வண்டீல சாயறதுக்கு என்ன இருக்குது?"

பெண்கள் இறங்கினார்கள். ஜாக்கியில் ஏற்றி, டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்தார் ரத்தினசாமி. லொடலொடவென்று ஆடியது. சக்கரத்தைச் சுழற்றி, காசிமாயன் கையை இழுத்து உள்ளேயிருந்த ஸ்பிரிங் மேல் வைத்தார். மணல் அரைபடுவது போல உள்ளங்கையில் நறநறத்தது.

"பேரிங் போச்சுங்க. நேத்து வெறும் வண்டிய ஓட்டிப்போட்டு ஒண்ணுமில்லீன்னு சொன்னது என்ற தப்புதானுங்க."

"எதனால போச்சுண்ணே?"

"ஏழு பேர் வண்டீல பதினோரு பேருங்க. அது என்னதான் பண்ணும்?"

ரத்தினசாமியே தரணீதரனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துச் சொன்னார். "இப்படியே ஓட்டியிருந்தா சக்கரமே இறுகி நின்னிருக்குமுங்க."

"மாத்திருங்க. காசியண்ணன மனசுல வச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க. அவுரே ஓட்டட்டும்."

காசிமாயனுக்கு அழுகை வந்துவிட்டது. கையில் கிடைத்த வேஸ்ட் துணியால் முகத்தைத் துடைத்தார். கன்னமெல்லாம் கிரீஸ் ஆயிற்று. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பதினோரு பேரும் டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள்.

மாலையில் புது பேரிங்கோடு காரைக் கொண்டுவந்து கேட்டில் நிறுத்தினார். மனசு லேசாக இருந்தது. அரை நாள் போயிற்றா என்று கேட்டதற்கு, "போச்சுண்ணே, விடு" என்றாள் அனுசுயா. பெண்கள் ஏறி முடித்தபோது தரணீதரன் வந்தான். பின்னால் வாட்ச்மேன் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்களைத் தூக்கிவந்தார். கூடவே இரண்டு பெண்கள்.

"மங்கலத்துல இருந்து புதுசா சேந்திருக்கறாங்ணா. வண்டிதான் சரியாயிருச்சுங்களே."

காசிமாயன் வாயைத் திறந்தார். லைன் வீடு நினைவுக்கு வந்தது. "சரிங்க" என்றார். ஸ்டூல்களை வாங்கி, சீட்டுகளுக்கு நடுவே ஆடாமல் நிற்கும்படி அவரே பார்த்துப் போட்டார்.

தெரு முனையில் காதைக் கொடுத்தபடி மெல்ல இடப்பக்கம் ஒடித்தார். சத்தமே இல்லை.

"இப்ப நல்லாருக்குல்லண்ணே?" என்றாள் ராமுத்தாய்.

"நல்லாருக்கு தாயி."

முன் ஸ்டூலில் இருந்த புதுப்பெண் சரிந்து, பிடிக்க எதுவும் அகப்படாமல் அவர் சட்டைத் தோளைப் பற்றிக்கொண்டாள். வண்டி நேரான பிறகும் கையை எடுக்கவில்லை.